கார் லைட்ட வீட்டுலயே எல்இடிக்கு மாத்தணும்னா பின்னால இருந்து ஆரம்பிங்க

எல்இடி மாத்தணும்னு யார் கேட்டாலும் மொதல்ல ஹெட்லைட்டப் பத்திதான் கேக்காங்க. அம்பாசமுத்திரம் ரோட்டுலயோ களக்காட்டுப் பக்கமோ ராத்திரி ஓட்டுதவங்களுக்கு அது நியாயமான ஆசைதான். தெருவிளக்கு ஊருக்குள்ள மட்டும்தான், ஊரத் தாண்டுனா ரெண்டு பக்கமும் வயலும் வாழையும், நடு ரோட்டுல மாடு படுத்துக் கெடக்கும், அறுப்புக் காலத்துல ரோட்டுலயே நெல்லக் காயப் போட்டு அதச் சுத்தி கல்ல வச்சிருப்பாங்க, பக்கத்துல வந்தப்பொறவுதான் கண்ணுக்கே தெரியும். ஆனா நான் சொல்லுதது என்னன்னா, வேலைய வண்டிக்குப் பின்னால இருந்து ஆரம்பிங்க. நம்பர் பிளேட் லைட்டு, பார்க்கிங், ரிவர்ஸ், பிரேக், இண்டிகேட்டர், கடைசியாத்தான் ஹெட்லைட்டு. மத்ததெல்லாம் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிஞ்ச யாரும் ஒரு ஞாயித்துக்கிழமையில முடிச்சிரலாம். ஹெட்லைட்டு மட்டும் எதுக்க வாரவங்க கண்ணையும் சேத்து யோசிக்க வேண்டிய வேல, அதுக்குக் கை கொஞ்சம் பழகியிருக்கணும்.

மொதல்ல எந்த லைட்டுக்கு என்ன பல்புன்னு தெரியணும். வண்டியோட மேனுவல்ல கடைசிப் பக்கங்கள்ல போட்டிருக்கும். மேனுவல் காணாமப் போச்சுன்னா பல்பக் கழட்டி அடியில பாருங்க, அதுலயே அடிச்சிருக்கும். பார்க்கிங்குக்கும் நம்பர் பிளேட்டுக்கும் பெரும்பாலும் டி10, இத டபிள்யூ5டபிள்யூன்னும் எழுதியிருப்பாங்க, 5 வாட்டு. சில வண்டியில நம்பர் பிளேட்டுக்கு ரெண்டு முனையும் கூம்பா இருக்க ஃபெஸ்டூன் பல்பு வரும், அதுக்கு நீளத்த அளந்துட்டுப் போங்க, 31, 36, 39, 41 மில்லிமீட்டர்னு தனித்தனியா இருக்கு, அளவு மாறுனா உக்காராது. ரிவர்ஸுக்கு பி21டபிள்யூ, ஒரே ஃபிலமெண்ட் (உள்ள எரியுத கம்பி), 21 வாட்டு, கடையில 1156னு சொன்னா டக்குன்னு எடுத்துத் தருவாங்க. பிரேக்கும் டெயிலும் ஒரே பல்புல எரிஞ்சா அது 1157, உள்ள 21 வாட்டுல ஒண்ணும் 5 வாட்டுல ஒண்ணுமா ரெண்டு ஃபிலமெண்ட். பக்கத்துல நீட்டிக்கிட்டு இருக்க பின்னப் பாத்தே கண்டுபிடிச்சிரலாம், 1156-ல ரெண்டு பின்னும் ஒரே உயரத்துல நேரெதிரா இருக்கும், 1157-ல ஒண்ணு மேல ஒண்ணு கீழ. மஞ்ச இண்டிகேட்டர் பல்புல பின்னு நேரெதிரா இல்லாம 150 டிகிரியில தள்ளி இருக்கும், வெள்ள பல்ப யாரும் அங்க மாட்டிரக் கூடாதுன்னே அப்படி வச்சிருக்காங்க, அதனால அந்தப் பின்ன அரம் வச்சி ராவி உள்ள சொருகுத வேலையெல்லாம் வேண்டாம். பின்னே இல்லாம அடி தட்டையா இருந்தா டி20, அதுலயும் ஒத்த ஃபிலமெண்ட் 7440, ரெட்ட ஃபிலமெண்ட் 7443. குழப்பமா இருந்தா பழைய பல்பக் கையோட கடைக்குக் கொண்டு போயிருங்க, அதவிட லேசான வழி கெடையாது.

கலருல ஒரே விதிதான், கண்ணாடி என்ன கலரோ எல்இடியும் அதே கலரு. செவப்புக் கண்ணாடிக்குப் பின்னால வெள்ள எல்இடி போட்டா நல்லா பளிச்சுன்னு இருக்கும்னு நெனச்சிப் போடுதாங்க, நடக்கது நேர் எதிர். பழைய ஃபிலமெண்ட் வெளிச்சத்துல செவப்பு நெறைய இருக்கும், வெள்ள எல்இடியில நீலம்தான் தூக்கலா இருக்கும், செவப்புக் கண்ணாடி அந்த நீலத்தையெல்லாம் தடுத்துரும். மிச்சம் வாரது மங்கலான ஒரு ரோஸ் கலரு. பிரேக்குக்கும் டெயிலுக்கும் செவப்பு எல்இடி, இண்டிகேட்டருக்கு மஞ்ச எல்இடி, கண்ணாடி வெள்ளையா இருந்தாலும் இண்டிகேட்டர் மஞ்சளாத்தான் எரியணும். நீலம், ஊதா எதுவும் எங்கயும் வேண்டாம்.

சாமான் அதிகமில்ல. ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு, தட்ட ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு, எட்டாம் நம்பரும் பத்தாம் நம்பரும் ஸ்பேனரு, மல்டிமீட்டரு, உப்புத்தாள், கேபிள் டை, பழைய பனியன் துணி. சாவிய எடுத்துருங்க, அப்பந்தான் எரிஞ்ச லைட்டுன்னா சூடு ஆறட்டும்.

நம்பர் பிளேட் லைட்ட தட்ட ஸ்க்ரூடிரைவர் நுனியில துணியச் சுத்தி நெம்புனாலே கழண்டு வரும், பல்ப நேரா இழுத்தா வந்துரும். எல்இடியச் சொருகி லைட்டப் போடுங்க, எரியலன்னா பல்பு போச்சுன்னு நெனைக்காதீங்க, திருப்பிச் சொருகுங்க. எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு, பழைய பல்புக்கு அது கெடையாது. ரெண்டு பக்கமும் எரியுத மாதிரி செஞ்ச டி10-ம் கெடைக்கு, ஆனா எல்லாம் அப்படி இல்ல. எரியுதான்னு பாத்தப்பொறவு மூடுங்க, மூடிட்டுப் பாக்காதீங்க.

பின்னால டெயில் லைட்டுக்கு டிக்கியத் தொறந்தா உள்பக்கமோ ஓரத்துலயோ ரெண்டு ஸ்க்ரூ இல்ல நட்டு இருக்கும். அதக் கழட்டிட்டு மொத்த லைட்டையும் நேர் பின்னால இழுக்கணும். பக்கவாட்டுல நெம்புனா உள்ள இருக்க பிளாஸ்டிக் கிளிப்பு ஒடிஞ்சிரும், பொறவு லைட்டு லொடலொடன்னு ஆடும், தண்ணி எறங்கும். பல்பு ஹோல்டரு இடப்பக்கமாக் கால் சுத்து திருப்புனா வந்துரும். பின்னு வச்ச பல்ப உள்ள அமுக்கித் திருப்பணும்.

இங்கன ஒரு நிமிஷம் நின்னு ஹோல்டருக்குள்ள பாருங்க. உவரி, கூடங்குளம் மாதிரி கடலோரத்துல நிக்க வண்டியில உப்புக் காத்துல பித்தளை பச்சை பூத்திருக்கும், எர்த் வயரு (வண்டி பாடியில சேருத மைனஸ் வயரு) மொனையில துரு ஏறியிருக்கும். பிரேக்க மிதிக்கும்போது இண்டிகேட்டரும் சேந்து மங்கலா மின்னுச்சுன்னா, டெயில் லைட்டப் போட்டா பிரேக் லைட்டு மங்குச்சுன்னா, அது பல்போட குத்தம் இல்ல, எர்த்து. உப்புத்தாள் வச்சித் தேச்சி சுத்தம் பண்ணிட்டு எல்இடியப் போடுங்க. இதச் செய்யாம எந்த விலைக்கு வாங்கிப் போட்டாலும் ஒரு மாசத்துல சிமிட்ட ஆரம்பிச்சிரும்.

1157 எல்இடி வாங்கும்போது ஒண்ணே ஒண்ணு கண்டிப்பாப் பாக்கணும், டெயிலுக்கும் பிரேக்குக்கும் வெளிச்சத்துல நல்ல வித்தியாசம் தெரியுதான்னு. மட்டமான பல்புல ரெண்டும் ஏறத்தாழ ஒண்ணு போலத்தான் எரியும், ராத்திரி பின்னால வாரவங்களுக்கு நீங்க பிரேக் பிடிச்சதே தெரியாது. வீட்டுல ஒருத்தர மிதிக்கச் சொல்லிட்டு இருவது அடி தள்ளி நின்னு பாருங்க. பகல்லயும் பாருங்க, ராத்திரியிலயும் பாருங்க. சந்தேகமா இருந்தா அந்த பல்பு வேண்டாம், பழசையே திருப்பிப் போட்டுருங்க. நல்லதாக் கெடச்சிட்டா பிரேக் லைட்டுல எல்இடியோட லாபம் பெருசு. ஃபிலமெண்ட் சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர சுமாரா 0.2 செகண்ட் ஆகும், எல்இடி அந்தக் கணமே எரிஞ்சிரும். நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில 100-ல போற வண்டி 0.2 செகண்டுல அஞ்சரை மீட்டர் போயிரும். பின்னால வார லாரிக்காரருக்கு அந்த அஞ்சரை மீட்டர் கூடுதலாக் கெடைக்கும்லா. எல்இடிக்குச் செலவழிக்கக் காசு கொஞ்சம்தான் இருக்குன்னா நான் மொதல்ல இங்கதான் போடச் சொல்லுவேன்.

ரிவர்ஸ் லைட்டு 1156 வெள்ள எல்இடி, சொல்ல ஒண்ணும் இல்ல, மாட்டுங்க, இருட்டுல முடுக்குக்குள்ள பின்னால எடுக்கும்போது நல்லாத் தெரியும்.

இண்டிகேட்டர் மாத்துனதும் அது பேய் பிடிச்ச மாதிரி படபடன்னு வேகமா மின்னும். பல்பு கெட்டுப் போகல, வண்டி சொல்லுத செய்திதான் அது. 21 வாட்டு பல்பு ஒண்ணே முக்கால் ஆம்பியர் இழுக்கும், எல்இடி அதுல கால்வாசிகூட இழுக்காது, இண்டிகேட்டர மின்ன வைக்க ஃப்ளாஷர் ரிலே, ஒரு பல்பு ஃபியூஸ் போயிருச்சுன்னு நெனச்சி வேகமா அடிச்சி ஒங்களுக்குச் சொல்லுது. இதுக்கு ரெண்டு வழி. டேஷ்போர்டுக்கு அடியில ஃபியூஸ் பாக்ஸ் பக்கத்துல டிக் டிக்னு சத்தம் வார தனி ரிலே இருந்தா அதக் கழட்டிட்டு எல்இடிக்குன்னு இருக்க எலக்ட்ரானிக் ஃப்ளாஷரப் போட்டுருங்க, பின்னு எத்தனை, எந்த எழுத்து எந்தப் பின்னுல இருக்குன்னு பழசோட ஒத்துப் பாத்து வாங்குங்க. இது சுத்தமான வழி. புது வண்டிகள்ல தனி ரிலேயே கெடையாது, எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள இருக்கும், அதுக்குப் பழைய பல்பு மாதிரியே கரண்டு இழுக்க, ஒவ்வொரு பல்புக்கும் குறுக்க 6 ஓம் 50 வாட்டு ரெசிஸ்டர் போடணும். இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுல அந்த ரெசிஸ்டர் 32 வாட்டு பக்கம் சூடாத் தள்ளும், கைய வச்சா பொத்துரும். அத வயரு மேலயோ பிளாஸ்டிக் மேலயோ டேப்பு போட்டு ஒட்டி வச்சிட்டு அபாய விளக்கப் போட்டபடி அரை மணி நேரம் நின்னா பிளாஸ்டிக் உருகிரும். பாடியோட இரும்புத் தகட்டுல ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க. ரெசிஸ்டர் போட்டப்பொறவு கரண்டு மிச்சம்னு சொல்ல ஒண்ணும் இல்ல, அதனால தனி ரிலே இல்லாத வண்டிக்கு இண்டிகேட்டர மட்டும் பழைய பல்புலயே விட்டுருங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

இனி ஹெட்லைட்டு.

வெளிச்சம் பத்தலன்னா பல்பு மேல பழி போடுததுக்கு முன்னால ரெண்டு எடத்தப் பாக்கணும். ஒண்ணு லென்ஸு. அது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட், நம்ம ஊரு வெயில்ல வருஷக்கணக்கா நின்னா மேல பூசியிருக்க பூச்சு போயி மஞ்சளாயிரும், திசையன்விளைப் பக்கம் தேரி மணலு வேற அடிச்சிச் சொரசொரப்பாக்கிரும். சுத்தி பெயிண்ட்டு மேல டேப்பு ஒட்டிட்டு வாட்டர் பேப்பர்ல 800, 1500, 2000, 3000னு வரிசையாத் தண்ணி ஊத்தி ஊத்தித் தேயுங்க, ஒவ்வொரு பேப்பருக்கும் தேய்க்க திசைய மாத்துங்க, கடைசியில பாலிஷ். அதோட விட்டுராம வெயில் தாங்குத கிளியர் கோட் அடிச்சிருங்க, இல்லன்னா கொஞ்ச மாசத்துல திரும்ப மஞ்சளாயிரும். ரெண்டாவது வோல்டேஜு. இஞ்சின ஓட விட்டு லோ பீமப் போட்டு பேட்டரியில அளங்க, பொறவு பல்பு மாட்டுன படியே பிளக்கோட பின்பக்கமா அளங்க. பேட்டரியில 14 இருந்து பல்புக்கு 12.6-தான் வருதுன்னா பத்து சதவீதம்தான் கொறஞ்சிருக்கு, ஆனா ஹாலஜன்ல (ஹெட்லைட்டுல இருக்க பழைய ஃபிலமெண்ட் பல்பு) வெளிச்சம் முப்பது சதவீதம் போயிரும். எர்த்தச் சுத்தம் பண்ணி, லென்ஸத் தேச்சி, புது ஹாலஜன் ஒரு ஜோடி போட்டப்பொறவு எத்தனையோ பேருக்கு எல்இடி ஆசையே போயிரும். அப்படிப் போனா நல்லதுதான், அதோட நிறுத்திக்கிடுங்க.

அதுக்கப்பொறவும் வேணும்னா இதப் புரிஞ்சிக்கிடணும். ஹெட்லைட்டுக்குள்ள இருக்க ரிஃப்ளெக்டர், ஃபிலமெண்ட் இந்த எடத்துல இந்தக் கனத்துல இருக்கும்னு கணக்குப் போட்டு வளைச்சது. எல்இடி சிப்பு அந்த எடத்துல இருந்து ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளுனாலும் வெளிச்சம் ரோட்டுல விழாம மேல செதறும். எதுக்க டிவிஎஸ் ஐம்பதுல தோட்டத்துல இருந்து வாரவரு கண்ணு ஒரு செகண்ட் இருட்டிரும், அந்த ஒரு செகண்டுல அவரு ரோட்டோரத்துப் பள்ளத்துல எறங்கிருவாரு. நமக்கு மரத்து உச்சி வரைக்கும் தெரியுதுன்னா அது நல்ல லைட்டு இல்ல, மரத்து உச்சியில நமக்கு என்ன வேல?

பழைய ஆல்டோ, வேகன்ஆர் மாதிரி வண்டிகள்ல ஹெச்4, லோவும் ஹையும் ஒரே பல்பு. பல்பு வாங்கும்போது ஹாலஜனப் பக்கத்துல வச்சிப் பாருங்க. லோ பீம் ஃபிலமெண்ட்டுக்கு அடியில சின்னதா ஒரு தகட்டுக் கிண்ணம் இருக்கும், எல்இடியிலயும் அதே எடத்துல அது இருக்கணும். சிப்பு இருக்க தகடு எவ்வளவு மெலிசோ அவ்வளவு நல்லது. நாலு பக்கமும் சிப்பு ஒட்டுன பல்பத் தொடாதீங்க. டப்பாவுல 20,000 லூமன் (வெளிச்சத்தோட அளவு) 200 வாட்டுன்னு போட்டிருந்தா அந்த டப்பாவக் கீழ வச்சிருங்க. ஹாலஜன் ஹெச்4-லயே லோ பீம்ல 1000, ஹை பீம்ல 1650 லூமன் பக்கம்தான் வருது, எல்இடி வாட்டுக்கு நூறு லூமன் பக்கம்னு வச்சாலும் ஒரு பல்பு 25 வாட்டு இழுத்தாப் போதும், 12 வோல்ட்டுல ரெண்டு ஆம்பியரு, மல்டிமீட்டர்ல அளந்தே பாத்துரலாம். கலர் 4300-ல இருந்து 5000 கெல்வினுக்குள்ள வாங்குங்க, இந்த நம்பர் கூடக் கூட வெளிச்சத்துல நீலம் கூடும். 6500 பகல்ல பாக்க வெள்ளையா அழகா இருக்கும், ஆனா அதுல நீலம் கூடுதல், எதுக்க வாரவங்க கண்ண ரொம்பக் கூசும், சாரல் காலத்துல செங்கோட்டை புளியரைப் பக்கம் நனைஞ்ச தார் ரோட்டுல ஓட்டுனா நமக்கே ரோடு கண்ணுல ஒட்டாது.

மாட்டுதது இப்படி. ஹெச்4 பிளக்க இழுத்து, ரப்பர் மூடியக் கழட்டி, கம்பி கிளிப்ப அமுக்கி விட்டா ஹாலஜன் வந்துரும். எல்இடியில மூணு காது வச்ச வளையத்த மட்டும் தனியாக் கழட்டி மொதல்ல அத உள்ள வச்சி கம்பியப் போடுங்க, அகலமான காது மேல வரணும். பொறவு ரப்பர் மூடிய நல்லா ஒட்டுத மாதிரி மாட்டுங்க, அதுக்கப்பொறவு பல்ப அந்த வளையத்துக்குள்ள சொருகித் திருப்புங்க. ஃபேன் இருக்க வால் பகுதி ரப்பருக்கு வெளிய நிக்கணும், அதுக்குக் காத்து வேணும். எடம் பத்தலன்னு ரப்பர் மூடியத் தூக்கிப் போட்டுட்டு மாட்டுதவங்க இருக்காங்க, தயவுசெஞ்சி செய்யாதீங்க, மழைத் தண்ணியும் தூசியும் நேரா உள்ள போயிரும். எல்இடி முன்பக்கமாச் சூடு தள்ளாது, அதனால உள்ள ஈரம் புகுந்தா ஹாலஜன் மாதிரி சீக்கிரம் காயவும் செய்யாது. சிப்பு ரெண்டும் கடிகாரத்துல மூணு மணிக்கும் ஒம்பது மணிக்கும் நேரா, இடமும் வலமுமா பாக்கணும், மேல கீழ பாத்தா பீமு உருப்படாது. வயரு நடுவுல வார சின்னப் பெட்டிய இஞ்சின் சூடும் ஃபேன் பெல்ட்டும் படாத எடத்துல கேபிள் டை போட்டுக் கட்டுங்க. எந்த வயரையும் வெட்டாதீங்க, ஃபியூஸப் பெருசா மாத்தாதீங்க, புது வண்டின்னா வயர வெட்டுனதக் காட்டி வாரண்டியும் இல்லன்னுருவாங்க. மாட்டுனப்பொறவு திருநெல்வேலி வானொலி வச்சா கரகரன்னு இரைச்சல் வருதுன்னா அந்தப் பெட்டி சரியில்லாத சரக்கு, வயர்ல ஃபெரைட் வளையம் போட்டுப் பாருங்க, நிக்கலன்னா கடையில மாத்திருங்க.

பீம் பாக்காம ரோட்டுல எறக்காதீங்க. சமதளமா ஒரு எடம், எதுக்க வெளிச்சுவரு, ரைஸ் மில் சுவரோ கல்யாண மண்டபத்துச் சுவரோ எதுவும் சரி. டயர்ல காத்து சரியா இருக்கட்டும், டிரைவர் சீட்டுல ஒருத்தர் உக்காரட்டும், உள்ள லைட்டு உயரம் மாத்துத திருகு இருந்தா சைபர்ல வைங்க. தரையில இருந்து பல்போட மையம் வரைக்கும் உயரத்த அளந்து சுவர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போடுங்க. வண்டிய சுவர்ல இருந்து அஞ்சு மீட்டர் பின்னால நிறுத்தி லோ பீமப் போடுங்க. வெளிச்சத்தோட மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு அஞ்சு சென்டிமீட்டர் கீழ இருக்கணும், நாம இடப்பக்கம் போறவங்கங்கதால இடது ஓரத்துல மட்டும் அந்த விளிம்பு கொஞ்சம் மேல ஏறும். அதே சுவர்ல ஹாலஜன் பீம மொதல்லயே ஃபோன்ல படம் எடுத்து வச்சிருந்தா ரெண்டையும் பக்கத்துல வச்சி ஒத்துப் பாத்துரலாம். விளிம்பு தெளிவா இல்லாம புகை மாதிரி மேல பரவுச்சுன்னா பல்பக் கொஞ்சமாத் திருப்பிப் பாருங்க. அதுக்கும் சரியாகலன்னா அந்த பல்பு ஒங்க ஹெட்லைட்டுக்கு ஒத்து வராது, திருகக் கீழ எறக்கிச் சமாளிக்க முடியாது, கழட்டிருங்க. உள்ள உருண்டைக் கண்ணாடி வச்ச புரொஜெக்டர் லைட்டுல விளிம்ப உள்ள இருக்க தகடே வெட்டிரும், அதனால அங்க ஓரளவு நல்லா வரும், இருந்தாலும் சுவர்ல பாத்தே ஆகணும்.

அடுத்து ஒரு சோதனை இருக்கு, அது சட்டத்துலயே இருக்கது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 106-வது விதி என்ன சொல்லுதுன்னா, லைட்டுக்கு முன்னால 8 மீட்டர்ல, லைட்டோட வல ஓரத்துல இருந்து அரை மீட்டர் வலப்பக்கம், தரையில இருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்க கண்ணு கூசக் கூடாது. அதே எடத்துல நீங்களே போயி நில்லுங்க, லோ பீமப் போடச் சொல்லுங்க. மொகத்தத் திருப்பிக்கிடணும்னு தோணுச்சுன்னா லைட்டு சரியில்ல. இன்னொண்ணும் தெரிஞ்சி வச்சிக்கிடுங்க, ஹாலஜனுக்குன்னு அனுமதி வாங்கின ஹெட்லைட்டுக்குள்ள எல்இடி போடுதது அந்த அனுமதிக்குள்ள வராது, வண்டிய மாத்துததப் பத்தி மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் இருக்கு, போலீஸோ ஆர்டிஓவோ கேட்டா பதில் நீங்கதான் சொல்லணும். பீமு சுத்தமா இருந்தாலும் அதுதான் நெலம.

ஒரு வாரம் ஓட்டுனப்பொறவு பானட்டத் தொறந்து பல்பு ஆடுதான்னு தொட்டுப் பாருங்க, குண்டும் குழியுமா இருக்க ரோட்டுல அந்த வளையம் தளரும். டெயில் லைட்டுக்குள்ள ஆவி பிடிச்சிருக்கான்னும் பாருங்க. கழட்டுன ஹாலஜன் ரெண்டையும் கண்ணாடியில கை படாமத் துணியில சுத்தி, கூட ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் சேத்து டேஷ்போர்டுல போட்டு வைங்க. எல்இடியில ஃபேன் நின்னு போச்சுன்னா சூட்டுல மங்கிக்கிட்டே வந்து கொஞ்ச நேரத்துல அணைஞ்சிரும், அது ஆலங்குளம் தாண்டி ராத்திரி பத்து மணிக்கு நடந்தா தொறந்திருக்க கடை கெடைக்காது, ஹாலஜன் கையில இருந்தா அங்கனயே மாட்டிட்டு வீடு வந்து சேந்துரலாம்.